வாசிப்பது இன்ஷா

காலை ஏழேகாலுக்கு மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "வணக்கம். இல்லத்தின் காலைச் செய்திகள். வாசிப்பது இன்ஷா" என்று அவள் சொல்ல ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அது முடியப்போகிறது. அதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் வகுப்புத் தோழி தேவதர்ஷினி கரிக்கட்டையால் கோடுகள் போட்டு, தினமும் ஒன்றை ஈரத்துணியால் அழித்துக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீரங்கத்தின் வடக்கு ஓரத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டின தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்தப் பள்ளி. அறக்கட்டளை நடத்துகிற பெண்கள் பள்ளி. எல்லோரும் அங்கேயே தங்கிப் படிப்பவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணினாலும் நூற்றுப்பத்துப் பேர் தேறாது. அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்பதே பேர். அதனால் எல்லா வேலையும் எல்லோர் தலையிலும் விழுந்தது. எறிபந்து அணிக்கு ஏழு பேர் போனால் கைதட்ட இரண்டு பேர்தான் மிச்சம். நாடகம் போட்டால் ஒருத்தியே மாமியாராகவும் வந்து, உள்ளே ஓடிப்போய் மீசை ஒட்டிக்கொண்டு போலீஸ்காரராகவும் வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவது, நூலகச் சாவியை வைத்திருப்பது, கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

காலைச் செய்தி என்றால் நாட்டு நடப்பு அல்ல. மாடித் தொட்டி எப்போது நிரம்பும், யாருடைய பாவாடை கொடியிலிருந்து பறந்து தோப்பில் கிடக்கிறது, ஏழாம் வகுப்பில் யாருக்கு அம்மை போட்டிருக்கிறது, நேற்றைய சாம்பாரில் உப்பு ஏன் இரண்டு தடவை விழுந்தது, இதெல்லாம்தான். இன்ஷா எட்டாம் வகுப்பில் இருந்தபோது, செய்தி வாசிக்கிற அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கையில் கிடைத்த இவளை மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். அன்று அவள் வாசித்ததை வார்டன் ஆனந்தவள்ளி தன் போனில் பதிவு செய்து, சவூதியில் தம்மாமில் இருந்த அவளுடைய அத்தாவுக்கு அனுப்பினார். அம்மா இல்லாத பெண், அப்பா கேட்டால் சந்தோஷப்படுவார் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஹபீபுல்லாவிடமிருந்து பதில் வந்தது. "மேடம், தினமும் அனுப்ப முடியுங்களா?"

ஐந்து வருஷமாக ஆனந்தவள்ளி தினமும் அனுப்பினார். ஹபீபுல்லா ஏசி மெக்கானிக். விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அதைக் கேட்பார். முதலில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டார். பிறகு பக்கத்து சீட்டு மார்ட்டின் ஒரு காதை வாங்கிக்கொண்டான். ஆறு மாதத்துக்குள் அவருடைய அறையில் இருந்த ஆறு பேரும் சத்தமாகப் போடச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றில் சாம்பாரில் உப்பு கூடிப்போனது தம்மாமில் ஒரு பஸ்ஸில் பேசப்பட்டது. குளியலறைக்குள் நுழைந்த உடும்பை தேவதர்ஷினி அரிசிச் சாக்கைப் போட்டுப் பிடித்து ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்த செய்தியை மட்டும் நான்கு நாள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

இன்ஷாவின் அம்மா ஆரிஃபா மூன்று நாள் காய்ச்சலில் போனபோது அவளுக்குப் பத்து வயது. பெரிய கடைவீதிப் பக்கம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களைப் பெரியம்மா வீட்டு மாடியில் அடுக்கிவிட்டு, அத்தா அவளை இங்கே சேர்த்தார். அதற்குப் பிறகு ஏழு வருஷத்தில் மூன்று தடவைதான் வந்தார். முதல் வருஷமெல்லாம், மாலையில் தெற்கே தாழ்ந்து இறங்கும் விமானத்தின் விளக்கைப் பார்த்தால் அவள் விளையாட்டை விட்டுவிட்டு கேட்டுக்கு வந்து நிற்பாள். ஏர்போர்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று வாட்ச்மேனிடம் கேட்டு வைத்திருந்தாள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். நிற்பதை எப்போதோ விட்டுவிட்டாள். விளக்கைப் பார்ப்பது மட்டும் விடவில்லை.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, வார்டன் அறையில் அவளுக்குரிய பத்து நிமிஷப் போனில் அத்தா சொன்னார்.

"இன்ஷா, ஃபைனல் எக்ஸிட் அடிச்சாச்சும்மா. இனிமே திரும்பிப் போற வேலை இல்ல."

"எப்ப அத்தா?"

"உங்க பிரிவு விழா அன்னிக்குக் காலைல திருச்சில இறங்குறேன். சாயங்காலம் அங்க இருப்பேன், இன்ஷா அல்லாஹ். புத்தூர்ல வீடும் பாத்தாச்சு. பெரியம்மா போய் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. மேல ஒரு ரூம் உனக்குத் தனியா. காலேஜ் திருச்சிலேயே எத்தனையோ இருக்கு. வீட்ல இருந்தே போயிட்டு வரலாம். ஹாஸ்டல்ல கெடந்தது போதும்."

"சரித்தா" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் தேவதர்ஷினி அடுத்த ஆளாக நின்றிருந்தாள். இன்ஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, யாருக்கு என்ன?" என்று கேட்டாள்.

"அத்தா வராங்க. ஒரேயடியா."

"நல்ல விஷயந்தானே. அதுக்கு ஏன் இப்படி இருக்கே?"

மூன்று வாரத்துக்கு முன்னால்தான், அலுவலகக் கம்ப்யூட்டரில் ஆனந்தவள்ளி மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். பத்திரிகையும் ஒலிபரப்பும் சொல்லித்தருகிற படிப்பு. அங்கே ஹாஸ்டல் உண்டு. அத்தா திரும்பிவர இன்னும் மூன்று நான்கு வருஷமாவது ஆகும் என்று நினைத்திருந்தாள். தம்மாமிலிருந்து பார்த்தால் ஸ்ரீரங்கமும் ஹைதராபாத்தும் ஒரே தூரம்தானே, இடம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது அவர் வருகிறார். ஏழு வருஷமாக எதைக் கேட்டுக் கேட்டுத் தொழுதாளோ அது வருகிறது. அதே நேரம் அவள் வேறொன்றுக்கும் ஆசைப்பட்டுவிட்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் ஒத்திகையிலும் செய்முறைத் தேர்விலும் ஓடின. பகலில் வேதியியல் உப்பைக் கண்டுபிடித்துவிட்டு, மாலையில் தோப்பில் நாடகம் பழகினார்கள். சுற்றுச்சுவரில் ஒவ்வொரு வருஷமும் முடித்துப் போகிறவர்கள் ஒரு பகுதிக்கு வண்ணம் அடிப்பது வழக்கம். ஒன்பது பேரும் கைக்கு ஒரு பிரஷ்ஷாக எடுத்துக்கொண்டு, கொள்ளிடத்தையும் அதன் மேல் போகிற ரயிலையும் வரைந்தார்கள். ரயிலுக்கு ஒன்பது ஜன்னல். பெட்டிகள் ஒன்றுக்கொன்று உயரம் சரியாக வரவில்லை. ஆனாலும் அதை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. வேலை முடிந்தும் பிரஷ்ஷைக் கழுவாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் கோபுரத்து விளக்கு ஏற்றுகிறவரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒன்றுமே பேசாமல் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்க முடிகிற இடம் இனி எங்கே கிடைக்கும் என்று இன்ஷா நினைத்தாள். புத்தூர் வீட்டில் கிடைக்குமா, ஹைதராபாத்தில்தான் கிடைக்குமா, அவளுக்குத் தெரியவில்லை.

விழா அன்று மூன்று மணிக்கு அத்தா வந்தார். கேட்டுக்குள் நுழைந்தவரை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. போட்டோவில் பார்த்த முகம்தான். ஆனால் அந்த முகத்துக்குக் கீழே இருந்த உடம்பு சிறுத்திருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு பை நிறையப் பேரீச்சம்பழமும் சாக்லேட்டும். அவள் ஓடிப்போய் எதிரே நின்றதும் பைகளைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் கையை வைத்தபடி நின்றார்.

"எவ்வளவு வளந்துட்டே" என்றார் கடைசியில். "குரலுக்கு வயசு தெரியலம்மா. நான் இன்னும் சின்னப் புள்ளன்னு நினைச்சிட்டிருந்தேன்."

பெற்றோர் வரிசையில் அவரை தேவதர்ஷினியின் அப்பா ரங்கசாமிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். வையம்பட்டியில் மானாவாரி நிலம் வைத்து விவசாயம் பார்ப்பவர். மனைவி மாரியாயியோடு காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்திருந்தார்.

"வாங்க பாய், உக்காருங்க. அந்தா நீலத் தாவணி, அதான் நம்ம புள்ள" என்றார் ரங்கசாமி.

"தேவதர்ஷினிதானே. தெரியுங்க. உடும்பைச் சாக்குல பிடிச்ச புள்ள. எங்க ரூம்ல மார்ட்டின்னு தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், நேத்து ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏத்திவிடும்போதுகூட, அந்தப் புள்ளையைப் பாத்தா கேட்டதாச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்புனார்."

மாரியாயி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "உடும்பா? நமக்கு இதைச் சொல்லவே இல்லையே."

"உங்க மக கணக்குல எழுபத்தெட்டு வாங்குனதும் தெரியும். கத்தரிப் பாத்தியில பூச்சி விழுந்ததும் தெரியும்" என்றார் ஹபீபுல்லா. மேடையில் ஒவ்வொரு பெண்ணாக வரும்போது இது யார், இது யார் என்று கேட்காமல் அவராகவே பேரைச் சொன்னார். எட்டுத் தோழிகளில் ஏழு பேரைச் சரியாகச் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் வேஷத்தில் வந்தவளை மட்டும் மாற்றிச் சொன்னார். மீசைதான் காரணம் என்று ரங்கசாமி சமாதானம் சொன்னார்.

நாடகம் முடிந்து, பரிசு கொடுத்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாவை நீட்டி முடிய ஐந்தரை ஆகிவிட்டது. கடைசி நிகழ்ச்சி செய்தி. முடித்துப் போகிறவர்களின் பேரையும், அவர்கள் அடுத்து எங்கே போக விரும்புகிறார்கள் என்பதையும் வாசிப்பது அந்த விழாவின் வழக்கம். தாள் தேவதர்ஷினி எழுதியது. இன்ஷா அதை முந்தின நாளே படித்திருந்தாள். தன் பேருக்கு எதிரே இருந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்து, அடிக்காமல் வைத்திருந்தாள்.

மைக்கைத் தட்டினாள். "வணக்கம். இல்லத்தின் கடைசிச் செய்திகள். வாசிப்பது இன்ஷா."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தா எழுந்து நிற்பது தெரிந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பன்னிரண்டாம் வகுப்பு ஒன்பது பேரும் இன்றோடு தோட்டப் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். கத்தரிக்காய் விளைச்சல் குறித்துக் கேள்வி எதுவும் எழுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. மேல்மாடி மூன்றாவது குழாயை இடதுபக்கம் திருப்பினால்தான் தண்ணீர் வரும். ஆறு வருஷமாக நாங்கள் காத்த ரகசியம் இது." பிள்ளைகள் சிரித்தார்கள். "தேவதர்ஷினி கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறார். உடும்புகள் கவனிக்கவும்."

ஒவ்வொரு பேராக வந்தது. செவிலியர் படிப்பு, சட்டம், பி.காம்., சமயபுரத்தில் அப்பா நடத்துகிற லாட்ஜைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் ஒருத்தி. எட்டுப் பேர் முடிந்தது. ஒன்பதாவது பேர் தாளில் இருந்தது. அதற்கு எதிரே ஹைதராபாத் என்று தேவதர்ஷினியின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது.

"இன்ஷா" என்று வாசித்தாள். நிறுத்தினாள். "இன்ஷா இன்னும் முடிவு செய்யவில்லை. செய்திகள் முடிந்தன."

கைதட்டல் வந்தது. வகுப்புத் தோழிகள் எட்டுப் பேரும் தட்டாமல் அவளையே பார்த்தார்கள்.

விழா நாளில் மட்டும் பெற்றோர் மேலே வந்து அறையைப் பார்க்கலாம். அத்தா படியேறி வந்து அவளுடைய இரும்புக் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார். தலைமாட்டு அலமாரி, அதில் வரிசையாகப் புத்தகம், ஜன்னல் கம்பியில் காயும் கைக்குட்டை, எல்லாவற்றையும் பார்த்தார். மற்றவர்கள் கீழே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ரூமும் இப்படித்தான். இதே கட்டில், ரெண்டு அடுக்கு" என்றார். பிறகு, "கடைசில நீ பொய் சொன்னே" என்றார்.

அவள் ஜன்னல் கம்பியிலிருந்த கைக்குட்டையை எடுத்து மடித்தாள்.

"அஞ்சு வருஷமா தினம் கேக்குறேன். நீ எங்க மூச்சு விடுவே, எங்க சிரிப்பை அடக்குவேன்னு எனக்குத் தெரியும். அந்த இடத்துல குரல் உன்னோடது இல்ல. என்னம்மா எழுதியிருந்துச்சு தாள்ல?"

அவள் சொன்னாள். விண்ணப்பம் போட்டதையும், எத்தனை வருஷப் படிப்பு என்பதையும், சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று நினைத்தாளோ அதையும். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறவில்லை. கை மட்டும் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தது.

"அங்கயும் ஹாஸ்டல்தானா?"

"ஆமாத்தா."

"நான் வரேன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குரலில் தெரிந்துவிடும். "போட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன் அத்தா" என்றாள்.

அவர் தலையாட்டினார். "பதினாலு வருஷம் அடுத்தவன் ரூம்ல படுத்தேன். ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு வீட்ல வைக்கணும்னு. இப்ப வீடு இருக்கு" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. கீழே இறங்கி, ஆனந்தவள்ளி மிஸ்ஸிடம் போய், "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலங்க மேடம்" என்று கைகூப்பினார். பைகளை எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அவரே பேரீச்சம்பழம் கொடுத்தார். பிறகு ரங்கசாமியோடு சேர்ந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட இன்ஷா தாங்கியிருப்பாள்.

பத்து நாளில் நோன்பு ஆரம்பித்தது. இரண்டாம் நோன்பு அன்று மாலை ஐந்தரைக்கு வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே அத்தா ஒரு பெரிய தூக்குவாளியோடு நின்றார். பள்ளிவாசலில் வாங்கின நோன்புக் கஞ்சி. புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சிந்தாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இவ்வளவு எதுக்கு அத்தா?"

"ஒன்பது பேர் இருக்கீங்கள்ல" என்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். நோன்பு இல்லாத எட்டுப் பேரும் ஐந்து மணிக்கே டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் இன்ஷா கேட்டாள். "நீங்க எங்க நோன்பு தொறக்குறீங்க?"

"பஸ்ஸுலதான். பையில ரெண்டு பேரீச்சம்பழம் இருக்கும்."

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் அவள் அதை ஆனந்தவள்ளி மிஸ்ஸிடம் சொன்னாள். அடுத்த நாள் வாட்ச்மேன் அறை முன்னால் ஒரு பெஞ்சு போடப்பட்டிருந்தது. அத்தாவும் மகளும் அதில் உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். அம்மா போன பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து நோன்பு திறந்தது அதுதான் முதல் தடவை. பள்ளிவாசல் பாங்கு ஓசை அங்கே கேட்காது. அத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். தேர்வு எப்படி எழுதினாள் என்று கேட்பார். ஹைதராபாத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

ஒருநாள், இயற்பியல் தேர்வு எழுதின மாலை, கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"என்னத்தா?"

"சின்னையன்னு சொல்வேன்ல, பெரம்பலூர்க்காரர். எங்க ரூம்ல நோன்பு இல்லாத ஆளு. ஆனா தினமும் அவர்தான் எங்களுக்குப் பழம் நறுக்கி வைப்பார். இன்னிக்கு யாருக்கு நறுக்குறாரோ." டம்ளரை வைத்தார். "அங்க இருந்தப்ப காது பூரா இங்க இருந்துச்சு. இங்க வந்துட்டேன். காலைல எந்திரிச்சா அந்த பஸ் சத்தத்தைத் தேடுது. யார்கிட்டயாவது சொன்னா சிரிப்பாங்க. அந்த ஊர்ல என்ன இருக்கு ஏங்குறதுக்கு?"

"நான் சிரிக்கலத்தா."

"நீ சிரிக்க மாட்டேன்னுதான் சொல்றேன்."

"எனக்கு ஏழு வருஷமா நீங்க வரணும். அது இப்பவும்தான். ஆனா இந்த இடத்தை விட்டுப் போறதை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணா எப்படி இருக்கும்னு தெரியல. அதுக்கு மேல மூணாவதா ஒரு ஊரு வேற" என்றாள்.

அவர் அவளுடைய டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "குடி, ஆறிடப் போகுது" என்று மட்டும் சொன்னார்.

நோன்புப் பெருநாளன்று பகல் முழுக்க அவள் புத்தூர் வீட்டில் இருந்தாள். பெரியம்மா பிரியாணி செய்து கொண்டுவந்திருந்தார். மேல் அறையில் புதுக் கட்டில், புது மேஜை, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத வெள்ளை. இருட்டும் முன்னே அத்தா அவளைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். மீதித் தேர்வு இருந்தது.

கடைசித் தேர்வு முடிந்த மதியம் ஒவ்வொருவராகப் போனார்கள். கார் வந்தது, ஆட்டோ வந்தது, சமயபுரத்துப் பெண்ணுக்கு லாட்ஜ் வேன் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் மிச்சம் இருந்தவர்கள் கேட்டு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். எட்டுப் பேர் ஏழானார்கள், ஏழு ஐந்தானது. அழுகை எல்லாம் முதல் மூன்று பேருக்கே தீர்ந்துவிட்டது. கடைசியில் தேவதர்ஷினியும் இன்ஷாவும்தான் இருந்தார்கள். ரங்கசாமி மகளின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"எழுதுடி" என்றாள் தேவதர்ஷினி.

"போன் வாங்கித் தரப்போறாங்க. எதுக்கு எழுதணும்?"

"போன்ல உன் குரல் வேற மாதிரி இருக்கும். எழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அத்தா இரண்டு மணிக்கே ஆட்டோவோடு வந்து தோப்பில் நின்றிருந்தார். அவள் போய், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமாத்தா?" என்று கேட்டாள். "இரு, மெதுவா வா" என்றார். ஆட்டோக்காரரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு வாட்ச்மேனோடு பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் மேலே போனாள். ஒன்பது கட்டிலும் விரிப்பு இல்லாமல் இருந்தன. தன் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்றும் செய்யவில்லை. வெளியே குழாயடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யாரோ மூன்றாவது குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டார்கள். எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று நினைத்து, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட்டாள். நாலரைக்கு இறங்கி வந்தபோது ஆனந்தவள்ளி மிஸ் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். அவளுடைய துப்பட்டாவைச் சரி செய்துவிட்டு, "போயிட்டு வா" என்றார்.

மறுநாள் காலை புத்தூரில், மணி அடிக்காமலே ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தாள். தெருவில் பால்காரர் சைக்கிள் போனது. மேலே தனி அறை. பக்கத்தில் யாரும் தூக்கத்தில் பேசவில்லை. எழுந்து கீழே வந்தாள்.

அத்தா சமையலறையில் இருந்தார். அடுப்பில் ஒரு பாத்திரம் நிறைய டீ கொதித்தது. ஆறேழு பேர் குடிக்கலாம். அவளைப் பார்த்ததும் அவரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டார். "கை பழகிப்போச்சு" என்றார்.

"எனக்கு ரெண்டு டம்ளர் குடுங்க" என்றாள்.

இருவரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். மிச்ச டீயைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொடுக்கலாமா, இவ்வளவு காலையில் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வெளியே வெளிச்சம் வந்தது. அத்தா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஹைதராபாத் பரீட்சை எந்த ஊர்ல எழுதணும்?"

"இங்கயே சென்டர் இருக்குத்தா. மே மாசம்."

"படிக்கிறதுக்கு என்ன புஸ்தகம் வேணும்னு எழுதிக் குடு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போறப்ப வாங்கிட்டு வரேன்."

"அத்தா, நான் போனா நீங்க தனியா..."

"இன்னும் மூணு மாசம் இருக்கு" என்றார். "அதுவரைக்கும் இங்க இரு. அப்புறம் போறதைப் பாப்போம்."

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். கிடைக்காது என்று நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு அப்போது ஹைதராபாத்துக்குப் போகவும் வேண்டும் போலவும், இந்தச் சமையலறையை விட்டு நகரவே கூடாது போலவும் இருந்தது. அத்தா பாத்திரத்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். புது வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே இன்னும் தெரியவில்லை.